நடப்பவருக்கு எது ஆபத்து: வண்டியின் எடையா, உயரமா?

நடைராசா (சென்னை) | ஞாயிறு காலை 9.20

எங்கள் அடுக்ககச் சங்கத்தில் ஒரு வாக்குவாதம். வளாகத்துக்குள் எந்த வண்டியும் 10 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று தீர்மானம் போடப் பார்த்தோம். ஒருவர் எழுந்து, "சின்ன கார் 20இல் போனால்கூடப் பரவாயில்லை, ரெண்டு டன் எஸ்யூவிக்குத்தான் கட்டுப்பாடு வேண்டும்" என்றார். இன்னொருவர், "எடையெல்லாம் சும்மா, ஓட்டுகிறவன் ஒழுங்காக இருந்தால் எல்லா வண்டியும் ஒன்றுதான்" என்றார். டீ தீர்ந்தது, தீர்மானம் நிறைவேறவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நடந்து போகிறவர் மீதோ சைக்கிளில் போகிறவர் மீதோ மோதும்போது, வண்டியின் எடை உண்மையிலேயே ஆபத்தைக் கூட்டுகிறதா? பேஸ்மெண்டில் இப்போது பாதிக்கு மேல் எஸ்யூவிகள்தான். என் பையனுக்கு ஏழு வயது. கேட்டுக்குள்தான் சைக்கிள் ஓட்டுகிறான்.

கோவை குரு | காலை 9.41

இதில் சந்தேகம் எதற்கு சார்? இயக்க ஆற்றல் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எடை இரட்டிப்பானால் ஆற்றலும் இரட்டிப்பு. ஒரு டன் காரைவிட இரண்டு டன் எஸ்யூவி இரண்டு மடங்கு பலமாக அடிக்கும். அவ்வளவுதான்.

வரைபலகை (ஒரகடம்) | காலை 10.35

குரு சொன்ன சூத்திரம் சரி, ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. வண்டியிடம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது வேறு, அதில் எவ்வளவு அந்த மனிதர் மேல் இறங்குகிறது என்பது வேறு.

65 கிலோ ஆள் மீது 1,000 கிலோ கார் 40 கி.மீ. வேகத்தில் மோதுகிறது என்று வையுங்கள். மோதியபின் இருவரும் சேர்ந்து நகர்ந்தால், உந்தக் கணக்குப்படி அவர் சுமார் 37.5 கி.மீ. வேகத்துக்குத் தள்ளப்படுவார். அதே இடத்தில் 2,500 கிலோ எஸ்யூவி என்றால் 39 கி.மீ. எடை இரண்டரை மடங்கு கூடியும் வித்தியாசம் ஒன்றரை கி.மீ.தான். 15 டன் லாரி என்றாலும் 40ஐத் தாண்டாது. மனிதரோடு ஒப்பிட்டால் எல்லா வண்டியுமே மலை. மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோதான், அதுவே பத்து ஆள் எடை.

எடை முழு வீச்சில் வேலை செய்வது இரண்டு வண்டிகள் மோதும்போது. மேலே சொன்ன அதே இரண்டும் 40இல் நேருக்கு நேர் மோதினால், சின்ன கார் 57 கி.மீ. அளவுக்கு வேக மாற்றத்தைத் தாங்க வேண்டும், பெரியது 23தான். அந்தக் கணக்கை அப்படியே நடப்பவர் மீது ஏற்றுவதால் வரும் குழப்பம் இது.

நடப்பவருக்கு முதலில் வேகம், அடுத்து வண்டியின் முன்பக்கம் அவர் உடம்பில் எந்த உயரத்தில் படுகிறது என்பது. எடை அதற்கெல்லாம் பிறகுதான்.

எலும்பு டாக்டர் (மதுரை) | காலை 11.10

வரைபலகை சொல்வதை நான் அறுவை அரங்கில் மறுபக்கமாகப் பார்க்கிறேன். தாழ்வான கார் அடித்து வருகிறவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருக்கும், முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கும். பம்பர் காலை வாரியதும் ஆள் பானட் மேல் சரிகிறார். தலை கண்ணாடியில் மோதினால் அது பெரிய ஆபத்து. ஆனாலும் பானட் தகடு கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும், விழுவதற்கும் நேரம் கிடைக்கும்.

உயரமான முன்பக்கம் அப்படி இல்லை. உடம்பின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில். அடி அதற்கு மேலே விழுந்தால் ஆள் பானட் மேல் ஏற மாட்டார். முன்னால் தள்ளப்பட்டுத் தரையில் விழுவார், வண்டி நிற்காவிட்டால் அடியில் போவார். இவர்களுக்கு இடுப்பெலும்பு, விலா, கல்லீரல், மண்ணீரல். வெளியே ஒரு சிராய்ப்புதான் தெரியும், "ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் வலி" என்பார். உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் கசிந்து கொண்டிருக்கும்.

இடையில் ஒன்று, தலைப்புக்கு வெளியே போனாலும் பரவாயில்லை. அப்படி அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைத்து ஆட்டோவில் ஏற்றாதீர்கள். உடைந்த இடுப்பை அசைத்தால் கசிவு கூடும். படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கே மாறும். பெரியவரின் இடுப்பில் படும் விளிம்பு, ஏழு வயதுப் பையனுக்கு நெஞ்சிலோ முகத்திலோ படும்.

டல்லாஸ் தமிழன் | காலை 11.52

இந்த ஊரில் இது பெரிய விவகாரம். 2009இல் அமெரிக்காவில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் சுமார் 4,100. 2022இல் 7,500க்கு மேல். அதே காலத்தில்தான் சாதாரண கார்களின் விற்பனை சரிந்து எஸ்யூவியும் பிக்கப்பும் சந்தையைப் பிடித்தன.

ஐஐஎச்எஸ் என்று காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இங்கே இருக்கிறது. ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை எடுத்து 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பானட் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமும் சரிந்த மூக்கும் உள்ள காரைவிட இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். 30க்கும் 40க்கும் இடையே என்றால் முகம் செங்குத்தாக இருப்பதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. ஹவாய் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர் ஜஸ்டின் டின்டால் 2024இல் வெளியிட்ட கட்டுரையில், முன்பக்கம் 10 செ.மீ. உயர்ந்தால் இறப்பு வாய்ப்பு 22 சதவீதம் கூடுகிறது என்று வருகிறது.

சைக்கிளுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. மிச்சிகன் மாநில விபத்துகளை வைத்து ஐஐஎச்எஸ் செய்த ஒரு சிறிய ஆய்வில், எஸ்யூவி மோதியவர்களின் காயத் தீவிரம் கார் மோதியவர்களைவிட 55 சதவீதம் அதிகம்.

ஆனால் எல்லாப் பழியையும் பானட் மேல் போட முடியாது. இங்கே பாதசாரி இறப்பில் சுமார் நான்கில் மூன்று பங்கு இருட்டில் நடக்கிறது. ஆறு தடச் சாலை, நடைபாதை இல்லை, அடுத்த சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர். பக்கத்துக் கடைக்கு நடந்து போனால் வழியில் நிறுத்தி "கார் பழுதா?" என்று கேட்கிற ஊர் இது.

டீசல் பிரியன் (சேலம்) | பகல் 12.30

அமெரிக்கக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே எஸ்யூவிக்காரனைத் திட்டாதீர்கள். அங்கே பிக்கப் பானட் மேல் ஏணி வைத்து ஏற வேண்டும். நம் ஊர் "எஸ்யூவி"யில் பாதி, உயர்த்திக் கட்டின ஹேட்ச்பேக். இங்கே ஆளைக் கொல்வது லாரி, பஸ், தாறுமாறாக வரும் பைக். மழைக்காலத்தில் ஏரி மாதிரி ரோடு, அளவே இல்லாத ஸ்பீடு பிரேக்கர். தரை இடைவெளி இல்லாத காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் மனைவி, குழந்தைகள் உள்ளே பத்திரமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் கனமான வண்டி வாங்கினேன். மறைக்க ஒன்றும் இல்லை.

மிதிவண்டி மீனா (சென்னை) | பகல் 1.05

டீசல் பிரியன் அண்ணா, உங்கள் பட்டியலில் பைக்கைச் சேர்த்தீர்கள் பாருங்கள், அது வரைபலகை சொன்னதற்குத்தான் சாட்சி. பைக்கும் ஆளும் சேர்ந்து 200 கிலோதான். ஆனாலும் 60இல் வந்து வயதானவர் மேல் மோதினால் உயிர் போகிறது.

வேகத்துக்கு நான் நம்பும் எண்கள் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏவின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை தொகுத்தவை. மோதும் வேகம் மணிக்கு 37 கி.மீ. என்றால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு சராசரியாகப் பத்தில் ஒன்று. 51இல் நான்கில் ஒன்று. 68இல் பாதிக்குப் பாதி. முதியவர்களுக்கு இந்த எண்கள் இன்னும் சீக்கிரம் ஏறும். சென்னையில் 2023 நவம்பரில் வந்த வேக வரம்பு கார்களுக்கு 60, குடியிருப்புப் பகுதிகளில் 30. அந்த 30 பலகையை எங்கள் தெருவில் தேடினேன். பேனருக்குப் பின்னால் இருந்தது.

இங்கே எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லையே. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலம்தான் முதலிடம், 64,105.

வரைபலகை | பகல் 2.20

டீசல் பிரியன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கனமான வண்டி உள்ளே இருப்பவரைக் காக்கும் என்பது உண்மை, எதிரே வரும் சின்ன கார்க்காரர் செலவில். அதற்கும் எல்லை உண்டு. சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி எடையைத் தாண்டிவிட்டால், மேலும் கூடும் எடை ஓட்டுநருக்குப் பெரிதாக உதவவில்லை என்றுதான் ஐஐஎச்எஸ் 2025இல் சொன்னது.

"உயர்த்திக் கட்டின ஹேட்ச்பேக்" என்றீர்களே, அங்கேதான் நம் ஊர் விஷயம் இருக்கிறது. 2006இல் சிறிய கார்களுக்கு வரிச் சலுகை வந்தபோது வரையறை இது: நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் கோடு. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி மாறிய பிறகும் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40. பெரிய எஸ்யூவிக்கு அதற்குமுன் செஸ் போட்டபோது தரை இடைவெளி 170 மி.மீ. என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். நீளம் எண்ணினார்கள், சிசி எண்ணினார்கள், வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் எண்ணினார்கள். முகத்தின் உயரத்தை யாரும் எண்ணவில்லை.

நான்கு மீட்டருக்குள் ஐந்து பேரையும் பெட்டிகளையும் அடக்கி, "பெரிய வண்டி" மாதிரியும் காட்ட வேண்டும் என்றால் வடிவமைப்பவருக்கு மிச்சம் இருக்கும் திசை மேல்நோக்கித்தான். மூக்கைக் குட்டையாக்குவார், நிமிர்த்துவார், விளிம்பைத் தூக்குவார். 2024-25இல் நாட்டில் விற்ற பயணிகள் வண்டிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் எஸ்யூவி உள்ளிட்ட பயன்பாட்டு வண்டி வகைதான்.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பானட் உயர்ந்ததற்குப் பாதசாரிப் பாதுகாப்பு விதிகளும் ஓரளவு காரணம். சோதனையில் 3.5 கிலோ குழந்தைத் தலை மாதிரியையும் 4.5 கிலோ பெரியவர் தலை மாதிரியையும் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் பானட் மேல் எய்வார்கள். தகடு மடங்க வேண்டும், மடங்கி என்ஜினில் இடிக்கக் கூடாது. அதற்கு இரண்டுக்கும் நடுவே காலி இடம் வேண்டும், ஆகவே வண்டி வடிவமைக்கும் எங்களைப் போன்றவர்கள் பானட்டைத் தூக்கினோம். ஜாகுவார் எக்ஸ்கே போன்ற தாழ்ந்த கார்களில் 2006 வாக்கில் அதற்கு வேறு வழி செய்தார்கள்: மோதிய கணத்தில் பானட் தானே எம்பும். 2012இல் வோல்வோ வி40 கண்ணாடிக்கு வெளியே ஏர்பேக்கே வைத்தது. இதெல்லாம் விலை கூடிய வித்தை.

அந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. தலையைத் தனியாக, காலைத் தனியாக எய்து பார்க்கிறோம். முழு ஆள் முன்னால் விழுந்து டயருக்குள் போவதை அது அளப்பதே இல்லை. டாக்டர் சொன்ன இரண்டாவது வகைக் காயத்துக்கு அதில் மதிப்பெண் கிடையாது.

கோவை குரு | பகல் 2.48

சரி, எடைக் கணக்கு புரிந்தது சார். அப்படியானால் மின்சாரக் கார்கள் பேட்டரியால் கனம், அதனால் ஆபத்து என்று எழுதுகிறார்களே, அதுவும் கதைதானா?

வரைபலகை | பகல் 3.02

நடப்பவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆமாம். ஹம்மர் மின்சார பிக்கப் நான்கு டன்னுக்கு மேல், பேட்டரி மட்டுமே ஒரு சின்ன காரின் எடை. ஆனால் அதைப் பார்த்து நடப்பவர் பயப்பட வேண்டியது அதன் முகத்தையும் சட்டென்று எகிறும் வேகத்தையும்தான். மெதுவாக வரும்போது சத்தம் இல்லாததும் ஒரு சிக்கல். அதற்காகத்தான் ஐரோப்பாவில் புதிய மின்சாரக் கார்கள் குறைந்த வேகத்தில் செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று 2019 முதல் விதி வந்தது.

நடைராசா | மாலை 4.15

எல்லோருக்கும் நன்றி. பேஸ்மெண்டுக்கு இன்ச் டேப்போடு போனேன். காவலாளி என்னமோ காணாமல் போய்விட்டது என்று நினைத்து டார்ச்சோடு கூடவே வந்தார். பழைய சின்ன காரின் பானட் விளிம்பு என் தொடை நடுவில் நிற்கிறது. பெரிய எஸ்யூவி ஒன்றில் என் தொப்புளைத் தாண்டுகிறது, பையனை நிற்க வைத்தால் அவன் வாய்க்கு நேராக. அப்புறம் அவனை முன்னால் நிறுத்தி, நண்பர் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். "பையன் எங்கே?" என்றார். சாவி என் பையில்தான் இருந்தது, பயப்பட வேண்டாம்.

ஒரு வண்டியில் பளபளவென்று எஃகுக் குழாயில் முன்தடுப்பும் மாட்டியிருக்கிறது. இது சட்டப்படி செல்லுமா?

எலும்பு டாக்டர் | மாலை 4.40

செல்லாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியே நடவடிக்கை எடுக்கச் சொன்னது. வரைபலகை அவ்வளவு பாடுபட்டு மடங்கும்படி செய்த பம்பருக்கு முன்னால் மடங்காத குழாயைக் கட்டினால் அடி முழுக்க ஆள் எலும்புக்குத்தான். ஓட்டுகிறவரின் ஏர்பேக் சரியான கணத்தில் விரியாமலும் போகலாம். ஆனால் அலங்காரக் கடைகளில் இன்னமும் தாராளமாகக் கிடைக்கிறது.

டல்லாஸ் தமிழன் | மாலை 5.30

பையன் தெரியவில்லை என்றீர்களே, திரும்பும்போதும் அதே சிக்கல்தான். பாதசாரி இறந்த விபத்துகளை ஐஐஎச்எஸ் 2022இல் பிரித்துப் பார்த்தது. நேராகப் போகும் விபத்தோடு ஒப்பிட்டால், இடப்பக்கம் திரும்பும்போது நடந்த விபத்தாக இருக்கும் வாய்ப்பு கார்களைவிட எஸ்யூவிக்குச் சுமார் இரண்டு மடங்கு, பிக்கப்புக்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அமெரிக்காவின் இடப்பக்கத் திருப்பம் என்றால் அங்கே உங்களுக்கு வலப்பக்கம், எதிர்த் தடத்தை வெட்டிக் கடப்பது. கண்ணாடிக்கு இரு புறமும் இருக்கும் தூண்கள் தடித்துவிட்டதும், முன்னால் கண்ணுக்குப் படாத பரப்பு கூடியதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

டீசல் பிரியன் | மாலை 6.10

அப்படியானால் பாரிஸில் எஸ்யூவிக்கு பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்களே, அது எடையை வைத்துத்தானே? 1.6 டன் தாண்டினால் கட்டணம், மின்சாரக் கார் என்றால் 2 டன். உங்கள் வாதப்படி அவர்கள் தப்பான எண்ணைப் பிடித்திருக்கிறார்கள். வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களே ஆறு சதவீதம்கூட இல்லை.

மிதிவண்டி மீனா | மாலை 6.35

ஓட்டுப் போட்டவர்களில் 54 சதவீதத்துக்கு மேல் ஆதரித்தார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. எடையைப் பிடித்ததற்குக் காரணம் எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது. பதிவுச் சான்றிதழில் எடை இருக்கிறது, பானட் உயரம் இல்லை. நம் ஆர்சியிலும் அதே நிலைதான். கனமான வண்டி பெரும்பாலும் உயரமாகவும் இருப்பதால் அந்த எண்ணை வைத்துச் சமாளிக்கிறார்கள். சரியாகச் செய்வதென்றால் வண்டிக்கு அங்கீகாரம் தரும்போதே முன்விளிம்பு உயரத்தை அளந்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். பிறகு வரியோ பார்க்கிங் கட்டணமோ அதை வைத்துப் போடலாம். ஜப்பானின் கேய் எனும் மிகச் சிறிய வகைக் கார்களுக்கு நீளம், அகலம், உயரம், சிசி நான்குக்கும் உச்ச வரம்பு வைத்துத்தானே சலுகை கொடுத்தார்கள்?

வரைபலகை | மாலை 6.50

கேய் கார் உயர வரம்பு மொத்த வண்டிக்கு, 2 மீட்டர். முன்விளிம்புக்கு அல்ல. ஆனாலும் அந்த வழி நடக்கக்கூடியதுதான். ஐரோப்பாவில் முன்விளிம்புக்கு உச்ச வரம்பு கேட்டுப் பிரச்சாரம் நடக்கிறது. பெல்ஜியத்தின் வியாஸ் எனும் சாலைப் பாதுகாப்பு நிறுவன ஆய்வில், விளிம்பு 80இலிருந்து 90 செ.மீ. ஆனால் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் இறக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடுகிறது. டின்டால் எண்ணுக்கு மிக அருகில். இரண்டு கண்டம், இரண்டு முறை, ஒரே திசை.

நாமக்கல் மாணிக்கம் | இரவு 8.20

முப்பது வருசம் லாரி ஓட்டிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். கார்க்காரர்கள் பேசி முடித்தீர்கள் என்றால் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

லாரியில் எடைக்கு வேலை உண்டு. லோடு ஏற்றின வண்டி பிரேக் அடித்த இடத்தில் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து கிளீனர் சைடு. டிரைவர் வலப்பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவை ஒட்டி ஒரு சைக்கிள் நின்றால் மிரரிலும் வராது, கண்ணாடியிலும் வராது. அந்தக் காலத்தில் கிளீனர் தலையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டுவான். இப்போது பாதி வண்டியில் கிளீனரே கிடையாது.

இன்னொன்று, லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டும். முன்சக்கரம் தாண்டிவிட்டது என்று நினைத்து நிற்கிறவர்தான் பின்சக்கரத்தில் மாட்டுவார். பக்கவாட்டில் தடுப்புக் கம்பி வைக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்சிக்குப் போகும்போது மாட்டி, வந்ததும் கழற்றி வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

மிதிவண்டி மீனா | இரவு 8.45

லண்டனில் இதற்குச் சட்டமே போட்டார்கள் ஐயா. 2015 முதல் 2017 வரை அங்கே சைக்கிள்காரர்கள் இறந்த விபத்துகளில் 63 சதவீதத்தில் கனரக லாரி இருந்தது. சாலையில் ஓடும் மொத்தத் தூரத்தில் லாரிகளின் பங்கு 4 சதவீதம்தான். 2021 மார்ச் முதல் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி உள்ளே வர வேண்டுமென்றால், கேபினிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நட்சத்திரம் வாங்க வேண்டும். குறைந்தால் கேமராவும் எச்சரிக்கைக் கருவியும் மாட்ட வேண்டும். 2024 அக்டோபரில் அதை மூன்று நட்சத்திரமாக உயர்த்தினார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சிக்னலில் லாரி நிற்கும்போது இடப்பக்கம் இடைவெளி இருந்தால் நாங்கள் புகுந்து முன்னால் போய் நிற்பது வழக்கம். டிரைவர் சீட்டிலிருந்து அது எப்படித் தெரியும்?

நாமக்கல் மாணிக்கம் | இரவு 9.05

தெரியாது என்பதுதான் பதில், அம்மா. இடப்பக்கம் புகவே புகாதீர்கள். லாரிக்குப் பின்னால் நில்லுங்கள், டிரைவரின் வலப்பக்க மிரரில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிற மாதிரி கொஞ்சம் வலப்புறமாக. அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் அவருக்குத் தெரிவீர்கள். ஏற்கெனவே முன்னால் போய்விட்டீர்கள் என்றால் பம்பரை ஒட்டி நிற்காதீர்கள், நாலைந்து அடி கூடப் பத்தாது. ஒரு கார் நீளம் தள்ளிப் போய்த் திரும்பிப் பாருங்கள். சீட்டில் இருக்கிறவர் கண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் சைக்கிளை இறங்கி உருட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஏறிவிடுங்கள். இண்டிகேட்டரை நம்பாதீர்கள், பாதி வண்டியில் பல்பு எரியாது.